கொதிகலன் வளைவு

வண்டிகளை ஹெட்விகா பார்ப்பதில்லை. அவை விழப்போகும் இடத்தைப் பார்க்கிறார். இடது கை பலகைக்கு மேலே அரைச் சாண் உயரத்தில் நிற்கிறது. ஆறு குட்டிக் கார்களும் ஆறு குரலில் இரைந்துகொண்டு வருகின்றன. ஒன்றின் இரைச்சல் மெலிந்து கீச்சிட்டதும் அவர் விரல்கள் விரிகின்றன. கார் தெறித்து உருள்கிறது. ஓட்டுபவர் "பச்ச!" என்று கத்தி முடிப்பதற்குள் அது மறுபடி பச்சைக் காடியில் ஓடிக்கொண்டிருக்கிறது.

பலகை நெடுக வெட்டிய ஆறு காடிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். காரின் அடியிலுள்ள சிறு நாக்கு காடியில் உட்கார, இருபக்கச் செப்புப் பட்டையிலிருந்து மின்சாரம் ஏறுகிறது. ஓட்டுபவர் கையில் ஒரு பிடி, பிடியில் ஒரு விசை. அழுத்தலாம், விடலாம், அவ்வளவுதான். விழுந்த வண்டியை எடுத்து வைக்க இன்னொருவர் வேண்டும். ப்ரெரோவ் ஊரில் அந்த இன்னொருவர் ஹெட்விகா. வயது அறுபத்தொன்பது.

ரயில் நிலையத் தபால் அலுவலகத்தில் முப்பத்துநாலு வருடம் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துப் போட்டவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்துநாலில் லூமிர் என்ற தச்சருக்கு வந்த பார்சலைக் கொடுக்க ரயில்வே தொழிலாளர் மன்றத்தின் நிலவறைக்குள் இறங்கினார். காலடியில் ஒரு மஞ்சள் கார் வந்து விழுந்தது. யாரையும் கேட்காமல் எடுத்து மஞ்சள் காடியில் வைத்தார். "கடுதாசியோ காரோ, அதுக்குன்னு ஒரு பொந்து இருக்குல்ல. அதுல போட்டாச் சரியாப் போச்சு" என்கிறார். மன்றத்தை மூடும்வரை பதினெட்டு வருடம் வாரம் தவறாமல் அங்கே நின்றார்.

இடது கை நகங்களை ஒட்ட வெட்டிவிடுகிறார். வலது கையில் நீள நகம், சிவப்புச் சாயம். ஓட்டுபிடியை இதுவரை தொட்டதில்லை. கேட்டால், "ஓட்டறதுக்கு ஆளா இல்ல? எடுக்கறதுக்குத்தான் ஆளில்ல." தன் வளைவுக்குள் வேறு கை நுழைந்தால் அடிப்பார். எழுபத்தொன்பதில் அடி வாங்கியவர் எலும்பு டாக்டர்.

மன்றம் தொண்ணூற்றிரண்டில் தரைவிரிப்புக் கடை ஆனது. தடப் பலகையைத் துண்டு துண்டாக அறுத்துக் கொடுத்துவிட்டார்கள். பாதிப் பலகை யாரோ ஒருவரின் தோட்டத்தில் கோழிக்கூடாக நிற்கிறது. குடியிருப்பு ஒன்றின் பழைய சலவை அறையில் இப்போதிருக்கும் சின்னத் தடத்தைப் பிரித்துவிட்டு, அந்தப் பழைய தடத்தையே அச்சு அசலாகக் கட்டிவிடலாம் என்று பழைய மன்றத்துக்காரர்கள் இந்த வசந்தத்தில் முடிவு செய்தார்கள். வரைபடம் கிடையாது. ஒரே ஒரு புகைப்படம் இருக்கிறது. அதில் பழைய பந்தயக்காரர் ஓட்டகர் வெற்றிக் கோப்பையோடு நின்று, நான்காவது வளைவை முழுக்க மறைத்துக்கொண்டிருக்கிறார்.

அந்த நான்காவதுதான் கொதிகலன் வளைவு. அதற்குப் பின்னாலிருந்த சுவருக்கு அப்பால் கட்டடத்தின் கொதிகலன் உறுமிக்கொண்டிருக்கும். ஹெட்விகா நின்ற இடம் அது.

லூமிர் சலவை அறைத் தரையில் ஆணி அடித்து, நூல் கட்டி, சாக்பீஸால் ஒரு வளைவு போட்டார்.

"இது வளைவா, குளமா?" என்றார் ஹெட்விகா. "இதுல பாதிதான் இருந்துச்சு."

"பாதியா?" ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநரான ஓட்டகர் சிரித்தார். "நான் அதுல விசையை விடாமலே போனவன்மா."

"போனே. போயி சுவத்துல மோதினே. பொறுக்கினது யாரு?"

"சரி, உனக்கு என்ன அளவு தெரியும்? டேப் வச்சுப் பாத்தியா?"

"நான் எதுக்கு டேப் வைக்கணும்? வளைவுக்கு உள்பக்கம் நிப்பேன். எந்தக் காடியில எது விழுந்தாலும் இடுப்பைத் திருப்பினாப் போதும், கை எட்டும். பதினெட்டு வருஷத்துல ஒரு அடி எடுத்து வச்சதில்ல. இதுல நின்னா நான் நடக்கணும்."

ஓட்டகர் நாற்பது வருடமாகச் சொல்லிவரும் ஒன்றைச் சொன்னார். "எண்பத்துமூணு மாவட்டப் போட்டியில என் நீல வண்டியைத் தூக்கி மஞ்சள்ல வச்சவ நீ. மஞ்சள்காரன் ஒரே விரல்ல ரெண்டு வண்டி ஓட்டினான். நான் என் விசையை அமுக்கி அமுக்கிப் பாத்துட்டு நின்னேன். உன் ஞாபகத்தை நம்பிப் பலகை அறுக்கணுமா?"

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். ஹெட்விகாவும் சிரித்தார். அந்த ஒரு தடவையை அவர் மறுத்ததே இல்லை.

கை தூக்கச் சொன்னார்கள். ஓட்டியவர்கள் ஒன்பது பேரும் லூமிர் போட்ட அகல வளைவுக்குத் தூக்கினார்கள். குறுகலுக்கு ஹெட்விகாவின் ஒற்றைக் கை. திருகாணி இறங்கிவிட்டால் அப்புறம் யாரும் அதைப் பிரிக்கப்போவதில்லை. வெற்றிப் பட்டியல்களில் ஓட்டியவர்களின் பெயர்கள் இருக்கின்றன. எடுத்து வைத்தவர் அங்கே நின்றார் என்பதற்கு அந்த வளைவின் அளவைத் தவிர வேறு அத்தாட்சி இல்லை. வீட்டுக்குப் போகும்போது அவர் லூமிரிடம் ஒன்று மட்டும் கேட்டார். "திருகாணி போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. அது போதும்."

சனிக்கிழமை பலகையை முட்டுக்கொடுத்து நிறுத்தி ஓட்டினார்கள். கார்கள் அகன்ற வளைவில் ஆறு சொட்டுத் தண்ணீர்போல வழுக்கிப் போயின. பத்துச் சுற்று. இருபது சுற்று. ஹெட்விகாவின் கை பலகைக்கு மேலே நின்றபடியே இருந்தது. யாரும் நிறத்தைக் கத்தவில்லை. கசகசா பன் இருந்த தட்டைக்கூட யாரும் தொடவில்லை. நாற்பதாவது சுற்றில் ஒருவர் கொட்டாவி விட்டார்.

"பிரமாதமா ஓட்டறோம்ல?" என்றார் லூமிர்.

ஓட்டகர் இன்னும் இரண்டு சுற்று ஓட்டினார். பிறகு விசையை விட்டார். நீலக் கார் நேர்ப்பாதையில் நின்றது.

"லூமிர், நாம இவ்வளவு நல்லா ஓட்டினவங்க இல்லையே" என்றார்.

யாரோ சிரிப்பை அடக்கினார். ஓட்டகர் சாக்பீஸை எடுத்து ஹெட்விகாவிடம் நீட்டினார். அவர் அதை வாங்கவில்லை. பலகையை நகர்த்தச் சொல்லி, வெறுந்தரையில் போய்க் காலைச் சேர்த்து நின்று, இடது கையை நீட்டி இடுப்பை மெதுவாகத் திருப்பினார். லூமிர் முழங்காலில் தவழ்ந்தபடி அவருடைய நடுவிரலுக்கு நேர் கீழே கோடு இழுத்துக்கொண்டே போனார்.

"மூச்சு விடாதே, கோடு ஆடுது" என்றார் லூமிர்.

"உன் முட்டி சத்தம்தான் கேக்குது. சீக்கிரம் போடு."

இரண்டு வாரத்தில் புது வளைவு ஏறியது. இந்தத் தடவை திருகாணியோடு. முதல் பந்தயத்தில் நீலக் காடியை ஓட்டகர் யாருக்கும் விட்டுத்தரவில்லை. முதல் சுற்றைப் பதமாக முடித்தார். இரண்டாவதில் கொஞ்சம் அழுத்தினார். மூன்றாவதில் விசையை விடாமலே வந்தார். கார் காடியை உதறிக்கொண்டு பறந்து, ஹெட்விகாவின் முழங்கைக்குப் பக்கத்தில் மல்லாக்க விழுந்தது. சக்கரம் நான்கும் சுழன்றன.

"நீலம்!" என்றார் ஓட்டகர்.

மற்ற ஐந்து கார்களும் ஒரு சுற்று முந்தின.

"ஏ ஹெட்விகா, நீலம்! நீலம்மா!"

ஹெட்விகா ஜன்னல் விளிம்பிலிருந்து காபியை எடுத்தார். பொடியை அப்படியே போட்டு வெந்நீர் ஊற்றிய காபி. மேலே தெளிந்திருந்ததை நிதானமாகக் குடித்தார். வண்டல் நாக்கில் படும்வரை குடித்துவிட்டுக் கோப்பையைத் தட்டில் வைத்தார். அதற்கப்புறம்தான் இடது கையை நீட்டினார்.