சேமிக்காத ஆட்டம்

எனக்கு ஓரிடத்தில் இருக்க வராது. லண்டன் கோலியர்ஸ் வுட்டில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டில், பக்கத்து அறைக்காரி எனக்கு நேர்மாறு. எக்குவடோர்க்காரி, ஆபீஸ்களில் கிளீனிங் வேலை. வேலை முடிந்து வந்தால் பொது அறையில் டிவியோடு இணைத்த ஒரு பழைய வீடியோ கேம் பெட்டியின் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். சீட்டுகளை மோதவிட்டு வெல்லும் ஆட்டம், வந்து இருபது வருடத்துக்கு மேலிருக்கும். படம் மங்கல், எழுத்தெல்லாம் ஆங்கிலம். ஆனால் அவளுடைய வாட்ஸ்அப் குழுவில் லீமாவிலும் மெக்சிகோவிலும் இருக்கிற பிள்ளைகுட்டிக்காரர்கள், எந்தச் சீட்டோடு எதைச் சேர்த்தால் டிராகன் வரும் என்று இன்னமும் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். இதில் அப்படி என்னதான் இருக்கிறதோ என்று எனக்கு எரிச்சல் வரும்.

ஒருநாள் எங்கள் இருவருக்கும் பொதுவான அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னாள்: "சின்ன வயதில் ஆட்டத்தைச் சேமிக்கிற கார்டு எங்களிடம் இல்லை. பெட்டியை நிறுத்தினால் எல்லாம் போய்விடும். நானும் அண்ணனும் நாட்கணக்காக நிறுத்தாமல் வைப்போம். எப்படியும் கரண்ட் போய்விடும். கடைசி எதிரியை நாங்கள் ஒருதரம்கூடப் பார்த்ததில்லை."

அந்த வாரம் குழுவில் ஒரு பந்தயம். எதையும் சேமிக்காமல் பழையபடி ஆட வேண்டும். ஐந்து நாள் பெட்டி நிற்காமல் ஓடியது. வெள்ளிக்கிழமை கடைசி எதிரிக்கு முன்னால் வந்துவிட்டாள். சனி பின்னேரம் ஊரிலிருக்கும் அண்ணன் வீடியோ கோலில் பார்த்திருக்க, அடித்து முடிப்பதாகத் திட்டம். சனி காலையில் வேலைக்குப் போகும்போது, "தொட்டுவிடாதே" என்றாள். "சரி, சரி" என்றேன்.

வீட்டுக்கார அக்காவுக்கு ஒரு சட்டம் உண்டு. "ஆளில்லாத அறையில கரண்ட் ஓடக்கூடாது. எல்லாச் சுவிட்சையும் நிப்பாட்டிப்போட்டுப் போங்கோ தம்பி." ஒன்பது வருடப் பழக்கம். டூட்டிங்கில் மரக்கறி வாங்கப் புறப்பட்டவனுக்கு, பஸ்ஸில் ஏறிய பிறகுதான் பெட்டியின் ஞாபகம் வந்தது. வழக்கமாக, நிறுத்த மறந்துவிட்டேனோ என்றுதான் பதறுவேன். அன்று நிறுத்திவிட்டேனோ என்று பதறினேன். அடுத்த தரிப்பில் இறங்கி ஓடினேன்.

திரை கறுப்பாக இருந்தது. என் கைதான், வேறு யாருடைய கை?

அவள் வர நாலு மணி நேரம் இருந்தது. பெட்டியைப் போட்டு முதலிலிருந்து நானே ஆடிப் பார்த்தேன். முதல் எதிரி சும்மா ஒரு விவசாயி. அவனே என்னை ஏழு தரம் தோற்கடித்தான். எழுந்து நடந்தேன், இருந்தேன், திரும்பவும் எழுந்தேன். வெட்கம் தாங்கவில்லை.

கதவைத் திறந்ததும் திரையில் விவசாயியைப் பார்த்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றாள். அப்போது போன் அடித்தது.

"நீயே சொல்லு" என்று அதை என் கையில் தந்தாள்.

அண்ணன். புதுச் சட்டை போட்டிருந்தார். எனக்கு ஸ்பானிஷில் தெரிந்தது மன்னிப்புக் கேட்கிற ஒரே ஒரு சொல். "பெர்தோன்" என்றேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். தாமதத்துக்குக் கேட்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, சிரித்துக்கொண்டே பரவாயில்லை என்று கையை ஆட்டினார். பிறகு திரும்பி வீட்டுக்குள் யார் யாரையோ கூப்பிட்டார். உட்கார்ந்து பார்க்கக் கதிரைகளை இழுத்துப்போடும் சத்தம் கேட்டது.