பிரிஸில்லா சிஸ்டரின் தோள்கள்

குழந்தையின் சட்டையை மார்புக்கு மேலே சுருட்டிவிட்டு, பிரிஸில்லா சிஸ்டர் கட்டிலருகே கைகட்டி நிற்கிறார். அந்தச் சின்ன விலா ஏறும்போது அவருடைய தோள்களும் ஏறுகின்றன, இறங்கும்போது இறங்குகின்றன. கண்கள் பாதி மூடியிருக்கின்றன. புதிதாக வந்த அம்மாக்கள், "சிஸ்டர் நின்னுக்கிட்டே தூங்குறாங்க" என்று கிசுகிசுப்பதுண்டு. "தூக்கம் வந்தா படுத்துக்க மாட்டேனாம்மா?" என்பார், திரும்பாமலே.

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் பிறந்து வளர்ந்தவர். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக்கூடப் பிரசங்கம் பாதி முடிந்தபின்தான் போவார். அடுகோடிப் பக்கமுள்ள இந்தச் சிறிய ஆஸ்பத்திரியின் நர்ஸ் வேலைக்கு மட்டும் தாமதமாக வந்ததே இல்லை. வார்டுக்குள் நுழைந்ததும் கை கழுவி, உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். "ஐஸ் கைய வச்சா பாப்பா அழும். அழுதா இன்னும் மூச்சு வாங்கும்." பெங்களூர்க் குளிரில் அந்தக் கைகள் எப்படித்தான் அப்படிச் சுடுகின்றனவோ.

தூறல் மாதங்களில் வார்டு நிறைந்துவிடும். வருவதென்னவோ சாதாரணச் சளிதான். ஆனால் பிறந்து சில மாதமே ஆன குழந்தைக்கு அது மூச்சுக்குழாயின் சின்னஞ்சிறு கிளைகள் வரை இறங்கி அடைத்துக்கொள்ளும். டாக்டர்கள் பிராங்கியோலைட்டிஸ் என்கிறார்கள். முன்பெல்லாம் எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, ஆன்டிபயாடிக், நெபுலைசர் என்று எதையும் விட்டுவைக்க மாட்டார்கள். பிரிஸில்லாவுக்கு நெபுலைசர் என்றால் உயிர். அது கிளப்பும் மருந்தின் வெண்புகைக்குள் குழந்தை முகம் கரைந்து மறைந்து திரும்ப வருவதைப் பார்த்துக்கொண்டே நிற்பார். மெஷினின் உறுமலில் அப்பாக்கள்கூட உட்கார்ந்தபடி அசந்துபோவார்கள்.

போன வருடம் டாக்டர் மௌரீன் எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசினார். இந்த நோய்க்கு இவற்றில் பெரும்பாலானவை பலன் தருவதில்லை, குழந்தைக்கு அழுகைதான் மிச்சம். மூக்கைச் சுத்தம் செய்வோம், பாலைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கொடுப்போம், தேவையென்றால் ஆக்சிஜன், மற்றபடி உன்னிப்பாகக் கவனிப்போம் என்றார். பிரிஸில்லா தலையாட்டினார். மனசுதான் ஆட மறுத்தது. பெற்றவர்கள் பயப்படுவார்களே என்று, மருந்தே ஊற்றாத மெஷினைக் கட்டிலடியில் கொஞ்ச நாள் சும்மா ஓடவிட்டார்! சத்தம் போதும், வார்டு அடங்கிவிடும். ஒரு தகப்பன் அந்த வெறும் மாஸ்க்கை எடுத்துக் குழந்தை முகத்தில் அமுக்க, அது வீரிட்டழுது குடித்த பாலையெல்லாம் கக்கியது. அன்றோடு மெஷின் அலமாரிக்குள் போனது.

இன்றைக்கு அவர் தோள்கள் ஈஜிபுராவிலிருந்து வந்த லவினாவின் மகளுக்காக ஏறி இறங்குகின்றன. ஆக்சிஜனைக் காலையிலேயே எடுத்தாகிவிட்டது. ஆனால் பாலில் வாய் வைக்க மாட்டேனென்கிறது குழந்தை. சாயங்காலத்துக்குள் குடிக்காவிட்டால் டிரிப் போட்டுவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். குழந்தையின் அப்பா கிரண், ஆக்சிஜன் அளவைக் காட்டும் மானிட்டரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அதன் கிளிப் குழந்தையின் கால் விரலில். சிவப்பு விளக்கில் அந்தக் குட்டி விரலே கனன்று தெரிகிறது. எண் ஒன்று இறங்கினால் அவன் எழுந்து நிற்கிறான். கிளிப்பைக் கழற்றிவிடலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் அவன்தான் விடவில்லை.

"ஒரு எக்ஸ்ரேயாவது எடுங்க சிஸ்டர். அந்த நெபுலைசர் ஸ்டீமாவது வைங்க. எதுவுமே பண்ணலன்னா ஆஸ்பத்திரி எதுக்கு?"

"பண்ணிட்டுதானேப்பா இருக்கோம். ஸொல்ப பொறு, கொஞ்ச நேரந்தான். பாப்பா அது வேலைய பாக்குது, நாம நம்ம வேலைய பாப்போம்."

"அதுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?" அவன் குரல் உடைந்தது.

பிரிஸில்லாவுக்குக் கோபம் வரவில்லை. கை தானாகப் போய் மெஷின் இருந்த அலமாரியின் கைப்பிடியைத் தொட்டது. ஒரு நிமிஷம் ஓடவிட்டால் போதும், பாவம், அவன் முகம் தெளிந்துவிடும். ஆனால் குழந்தை இப்போதுதான் அழாமல் கிடக்கிறது. கையை இழுத்துக்கொண்டார். உள்ளங்கைகளைத் தேய்த்தபடி திரும்பி வந்தார்.

குழந்தையின் மூக்கில் உப்புநீர்ச் சொட்டு விட்டு, காத்திருந்து, நோகாமல் சளியை உறிஞ்சி எடுத்தார். "லவினா, இப்ப குடும்மா. ரெண்டு வாய் போதும், அப்புறம் எடுத்துடு. மூச்சு விட்டுக்கட்டும்."

குழந்தை வாய் வைத்தது. விட்டது. மூச்சிளைத்தது. மறுபடி வைத்தது. வெளியே தூறல் வலுத்து, ஜன்னல் கண்ணாடியில் சாலையின் விளக்குகள் கரைந்து வழிந்தன. வார்டே அரைத் தூக்கத்தில் கிடந்தது. அந்த அமைதிக்குள் மடக் மடக்கென்று ஒரு சத்தம். லவினா நிமிர்ந்து பார்த்தாள், கண் நிறைந்திருந்தது. "விடவே மாட்டேங்குது சிஸ்டர்."

வயிறு நிறைந்து குழந்தை தூங்கியதும், பிரிஸில்லா அதன் கால் விரலிலிருந்து கிளிப்பை மெதுவாகக் கழற்றினார். மானிட்டரை அணைத்தார்.

"ஐயோ, நம்பர் எங்க சிஸ்டர்?" கிரண் பதறினான்.

தலைவார உட்கார வைத்த பிள்ளையின் முகத்தைத் திருப்புவது போல, பிரிஸில்லா தன் சூடான கையால் அவன் மோவாயைப் பிடித்து, இருண்ட திரையிலிருந்து குழந்தையின் பக்கம் திருப்பினார். அவன் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். கொஞ்ச நேரத்தில் அவனுடைய தோள்களும் மெல்ல ஏறி, மெல்ல இறங்கத் தொடங்கின.