கிமிஸ் குடித்த எஞ்சின்

கணவாய் ஏற்றத்தின் பாதியில் எஞ்சின் இருமியது, மூச்சை விட்டது. தோக்தோசுன் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஸ்டார்ட்டர் மட்டும் அழுதது.

மாலையில் தலைநகர் பிஷ்கெக்கில் மகள் நுர்ஜமால் ரஷ்யாவுக்குப் பஸ் ஏறுகிறாள். தன்னைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டாள் என்று வசந்தத்திலிருந்து அவளோடு பேசாதவர், இன்று காலையில்தான் மனம் இளகினார். "உன் பாதை வெள்ளையா இருக்கட்டும்" என்று வாழ்த்தாமல் அவளை அனுப்பிவிட்டால், அந்தச் சொல் காலமெல்லாம் அவர் தொண்டையில் முள்ளாக நிற்கும்.

பழைய காரின் முன்மூடியைத் தூக்கினார். நான்கு சிலிண்டர், ஒன்றரை லிட்டர், எழுபது குதிரை பலம் என்று சொல்லித்தான் விற்றார்கள். ஏற்றம் வந்தால் அந்தக் குதிரைகள் எங்கே மேயப் போய்விடுமோ! குளிரில் கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும். மழையில் பிளக்குக்குத் தீப்பொறி வராது. வெயிலில் இந்தக் கூத்து: எஞ்சினை ஒட்டிய பம்ப் சூடேறி, பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும். பம்பின் மேல் ஈரத்துணி சுற்றினால் கிளம்பிவிடும். ஆனால் கேனில் இருந்த தண்ணீரையெல்லாம் கீழ் வளைவிலேயே ரேடியேட்டர் குடித்துவிட்டது. ஆறோ அதலபாதாளத்தில்.

"'நிக்கட்டும்'னு பேரு வச்சிருக்கிற ஆளு ஓட்டினா வண்டி வேற என்ன செய்யும்?" என்றாள் உள்ளே உட்கார்ந்திருந்த மனைவி சைரா. தோக்தோசுன் என்றால் அவர்கள் மொழியில் அதுதான் பொருள்.

"முன்னாடி பொறந்ததெல்லாம் செத்துப்போச்சே, இதாவது நிக்கட்டும்னு எனக்கு வச்ச பேருடி அது. வண்டிக்கு வச்சதில்ல!"

கை காட்டினார். லாரிகள் புகையை முகத்தில் துப்பிவிட்டு முனகிக்கொண்டே ஏறின. டயரை உதைத்தார், கால்தான் வலித்தது. அவர் பார்வை சைராவின் மடியிலிருந்த தூக்குக்குப் போனது. அதில் கிமிஸ், மகளுக்கு உயிரான புளித்த குதிரைப்பால்.

"பாக்காதீங்க. இது என் பொண்ணுக்கு."

"நான் கேட்டேனா? பாலு மோருன்னு எந்த வெள்ளையை வீணாக்கினாலும் பாவம்னு எனக்குத் தெரியாதா?"

நிழல் நீண்டது. சைராவின் கண்ணில் நீர் முட்டியது. சட்டென்று இறங்கி வந்தாள்.

"வீட்டுக்குள்ள பாம்பு வந்தா அடிக்கிறோமா? தலையில வெள்ளையை ஊத்தி, போயிடுன்னு அனுப்புறோம். இதுவும் பாம்புதான். இத்தனை வருஷமா நம்மளைக் கொத்துது!"

தன் தலைத்துணியை அவிழ்த்துக் கிமிஸில் தோய்த்துப் பம்பைச் சுற்றினாள். புளித்த ஆவி குப்பென்று எழுந்தது. துணி காயக் காய ஊற்றினாள், தூக்கு காலியாகும்வரை. தோக்தோசுன் சாவியைத் திருப்பினார். குதிரைகள் திரும்பி வந்தன.

பிஷ்கெக்கில் பஸ் புறப்படத் தயாராக நின்றது. அவர் ஓட்டி வந்து நிறுத்திச் சாவியை உருவினார். எஞ்சின் நிற்கவில்லை! மலிவுப் பெட்ரோலும் கொதிக்கிற சூடும் சேர்ந்து, சாவி இல்லாமலே உதறி உதறி இடித்தது. அவர் வாயைத் திறந்தார். அந்த இரைச்சலில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. ஆத்திரத்தில் மூடியை அறைந்தார்.

நுர்ஜமால் படியிலிருந்து இறங்கி ஓடி வந்தாள். அம்மாவின் வெறுந்தலையைப் பார்த்தாள்.

"என்னப்பா இந்த நாத்தம்?"

"உனக்குக் கொண்டுவந்ததும்மா. பாழாப்போனது, இது குடிச்சிடுச்சு!"

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "உங்க பேரைச் சொல்லுங்கப்பா, நின்னுடும்."

நிக்கட்டும். சொல் நாக்கு நுனிவரை வந்தது, வண்டியைப் பார்த்து அல்ல, மகளைப் பார்த்து. அவர் அதை விழுங்கினார். எஞ்சின் ஒருமுறை குலுங்கித் தானாக ஓய்ந்தது.

"உன் பாதை வெள்ளையா இருக்கட்டும்மா," என்றார்.