றீற்றாவுக்கு வலப்பக்கம் இருந்தவர்

நான் பஸ் ஓடுகிறவன். ஸ்காபரோவில் எத்தனையோ வருடம் ஓடியாயிற்று. ஒருவருமே இல்லாத பஸ்ஸைக் கடைசித் தரிப்பிடத்திலிருந்து தனியாகத் திருப்பிக்கொண்டு வந்திருக்கிறேன். கூட வேலை செய்கிற சிலர் பின்சீற்றில் அதைக் கண்டேன், கண்ணாடியில் இதைக் கண்டேன் என்று சொல்லும்போது, நித்திரை காணாது, போய்ப் படுங்கள் என்று சொல்லிவிட்டு என் தேநீரைக் குடிக்கிற ஆள் நான். கோயிலுக்குப் போவேன், செபமாலை சொல்லுவேன், அது வேறு விசயம். பேய், ஆவி என்றால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். இதைக் கேட்டுவிட்டு நீங்களும் சிரிக்கலாம். சிரியுங்கள், நான் கோபிக்கமாட்டேன்.

என் மனைவி றீற்றாவுக்கு வலது காது கேட்காது. மன்னாரில் அவள் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் பக்கத்து வளவில் ஷெல் விழுந்தது, அன்றைக்கு அந்தக் காது போனதுதான். அதனால் கலியாணம் கட்டிய நாளிலிருந்து நான் எங்கே போனாலும் அவளுக்கு இடப்பக்கம்தான் நடப்பேன், கோயில் வாங்கிலும் இடப்பக்கம்தான் இருப்பேன். காரில் நான் ஓட அவள் பக்கத்தில் இருந்தால் அவளுடைய நல்ல காது தானாகவே என் பக்கம் வந்துவிடும், கனடாவில் சாரதி இருக்கையை எங்களுக்காகவே இடப்பக்கம் வைத்த மாதிரி. இந்தக் காது விசயத்தை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கேளுங்கள்.

எங்கள் கலியாண நாளுக்கு மகள் நிரோஷி பெரு நாட்டுக்குப் பயணம் ஒழுங்கு செய்து தந்தாள். அவள் பிக்கரிங்கில் இருக்கிறாள், எல்லாவற்றையும் தொலைபேசியிலேயே பதிவு செய்து முடித்துவிட்டாள். எனக்குக் கியூபாவில் கடற்கரையில் படுத்திருந்தால் போதும். றீற்றாதான் பழைய கல் நகரங்களைப் பார்க்கவேண்டும் என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தவள். மலை உயரத்துக்கு என்று நிரோஷி குளிசையும் வாங்கித் தந்தாள். "அப்பா, பிளீஸ், டோன்ட் பி ஸ்ரபர்ன், போடுங்கோ" என்றாள். அதைப் போட்டால் அடிக்கடி ஒண்டுக்குப் போகவேண்டிவரும் என்று கேள்விப்பட்டு நான் போடவில்லை. றீற்றா ஒழுங்காகப் போட்டாள்.

குஸ்கோ நல்ல வடிவான ஊர். பெரிய பெரிய கற்களைச் சாந்து இல்லாமல் அடுக்கிக் கட்டிய சுவர்கள், அதன்மேல் பிறகு வந்தவர்கள் கட்டிய கோயில்கள், தெருவெல்லாம் ஏற்றம். ஏறும்போது மூச்சு வாங்கியது, எல்லாருக்கும் வாங்குகிறது என்று விட்டுவிட்டேன். இருமலும் இருந்தது, குளிர் என்று நினைத்தேன்.

இரண்டொரு நாள் கழித்து ஒய்யாந்தாய்தம்போ என்ற இடத்துக்குப் போய்ப் பழைய கோட்டையைப் பார்த்துவிட்டுப் பின்னேரம் திரும்புவது என்று வெளிக்கிட்டோம். பயணிகள் பஸ்ஸில் போகாமல் ஊர்ச் சனம் போகிற சின்ன வான் வண்டியில் போவோம் என்றது நான்தான், என் தொழில் புத்தி. அந்த வான்கள் ஆள் நிரம்பினால்தான் வெளிக்கிடும். நாங்கள் ஏறியபோது சாரதிக்குப் பின்னால் இருந்த வரிசையில் இடம் இருந்தது. றீற்றா இடப்பக்க யன்னலோடு இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் நான் இருக்கப் போக, சாரதி உள்ளங்கையைக் காட்டி, வேண்டாம், அங்கே ஆள் இருக்கிறது என்ற மாதிரிச் சொல்லி என்னைப் பின்வரிசைக்கு அனுப்பினான். கால்பந்துச் சட்டை போட்ட கொழுத்த மனிதன், முகத்தில் கோபம் இல்லை. சரி, ஆரோ தேநீர் குடிக்கப் போயிருக்கிறார்கள் என்று நானும் பின்னால் போய் இருந்தேன்.

ஆனால் ஒருவரும் வரவில்லை, வான் வெளிக்கிட்டுவிட்டது. ஆள் எண்ணுகிறது எனக்கு ஊறிப்போன பழக்கம், கண் தானாக எண்ணும். அந்த ஒரு சீற் வெறுமை. எனக்கு முன்னால் நேராகத் தெரிந்தது. எழும்பிப் போய் இருக்கலாம் என்றால் வான் அந்த ஓட்டம் ஓடுகிறது, வானொலியில் பாட்டு அலறுகிறது, பிறகு பார்ப்போம் என்று இருந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் றீற்றா கதைப்பது கேட்டது. சொற்கள் விளங்கவில்லை, குரல் மட்டும் கேட்டது. செபம் சொல்லுகிறாள் என்று நினைத்தேன், பாதை அப்படிப்பட்ட பாதை. பிறகு சிரித்தாள். செபம் சொல்லிக்கொண்டு ஆரும் சிரிப்பார்களா? எட்டிப் பார்த்தேன். யன்னலைப் பார்க்கவில்லை, வெறும் சீற்றைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். தொலைபேசியில் நிரோஷியோடு கதைக்கிறாளாக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். தொலைபேசி என்னுடைய பையில் இருந்தது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

சின்செரோ என்ற ஊரில் ஒரு மனிதர் மூட்டையோடு ஏறினார். இடமில்லை, அந்த ஒரு சீற்தான். அவர் அதில் இருக்காமல் கூரையில் தலை இடிக்கக் கூனிக்கொண்டு நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை, தோளில் தட்டி, இருங்களேன் என்று கையால் காட்டினேன். அவர் தொப்பியைக் கழற்றி அந்தச் சீற்றைப் பார்த்து ஒரு வணக்கம் மாதிரிச் செய்தார், மெல்ல ஏதோ சொன்னார், கூனினபடியே நின்றார். நம்பினால் நம்புங்கள், அப்போதும் எனக்குப் பயம் வரவில்லை. இந்த ஊரில் சீற் பழக்கம் இப்படியாக்கும் என்றுதான் நினைத்தேன்.

பிறகு ஒரு வெளி வந்தது. புல்லும் தூரத்தில் பனிமலையும்தான், ஒரு வீடு இல்லை, ஒற்றையடிப் பாதைகூட இல்லை. பாதை பள்ளத்தாக்குக்குள் இறங்கத் தொடங்குகிற வளைவில் சாரதி வானை நிறுத்தினான். பாட்டை நிற்பாட்டினான். இறங்கிச் சுற்றி வந்து கதவைத் திறந்து, முழங்கையை நீட்டிக்கொண்டு நின்றான், வயதானவர்களை இறக்குவதற்கு நாங்கள் பிடிப்போமே, அப்படி. ஒருவரும் இறங்கவில்லை. றீற்றா காலடியில் இருந்த தன் பையை வழி விடுகிற மாதிரி இழுத்தாள்.

"போயிட்டு வாங்கோ, அம்மா," என்றாள்.

பாட்டு இல்லாததால் தெளிவாகக் கேட்டது. சாரதி கதவைச் சாத்தினான். மூட்டைக்காரர் அந்தச் சீற்றில் போய் இருந்தார். வான் போனது.

ஒய்யாந்தாய்தம்போவில் மலையில் படி படியாகக் கல் கட்டி உயர்த்தியிருக்கிறார்கள், கீழே நின்று பார்த்தால் கழுத்து நோகும். உள்ளே போனதும் றீற்றா ஒரு கல்லில் இருந்துவிட்டாள்.

"எழும்பும், ஏறுவம்," என்றேன்.

"நீங்கள் ஏறக்கூடாதாம். இண்டைக்குத் திரும்பிக் குஸ்கோவுக்கும் போகக்கூடாதாம். உங்கட நெஞ்சுக்க தண்ணி நிக்குதாம், உடன டொக்டரிட்டக் காட்டட்டாம்."

"ஆர் சொன்னது?"

"அந்த அம்மாதான். எனக்குப் பக்கத்தில தொப்பி போட்டுக்கொண்டு கம்பளி நூல் திரிச்சபடி வந்தாவே. உங்கட இருமலைக் கேட்டிட்டுச் சொன்னவ. வளைவில இறங்கினா, நீங்கள் காணேல்லையே?"

"றீற்றா, உமக்குப் பக்கத்தில ஒருத்தரும் இருக்கேல்ல. உமக்குத்தான் உயரம் தலைக்கு ஏறிப்போச்சு."

"விசர்க்கதை கதையாதேங்கோ. நான் சொல்லுறன், ஏறாதேங்கோ."

எனக்குக் கோபம். பயமும் இருந்திருக்கலாம், அந்த நேரம் கோபம் என்றுதான் தெரிந்தது. அவளை அங்கேயே விட்டுவிட்டு ஏறினேன். பாதிகூட ஏறியிருக்கமாட்டேன், இருமல் பிடித்தது, விடவில்லை. மூச்சை இழுத்தால் நெஞ்சுக்குள் களகளவென்று சத்தம், குடித்து முடிந்த இளநீருக்குள் குழாயை வைத்து உறிஞ்சின மாதிரி. படியில் குந்திவிட்டேன். கைலேஞ்சியில் துப்பிப் பார்த்தேன், நுரை, இளஞ்சிவப்பாக இருந்தது. எனக்கு முன்னால் அவ்வளவு பெரிய மலை, வெயில், சனம் படம் எடுத்துக்கொண்டு போகிறது, நான் இங்கேதான் முடியப்போகிறேன் என்று நினைத்தேன். றீற்றா பிள்ளைக்கு என்ன சொல்லப்போகிறாள் என்றும் நினைத்தேன்.

இரண்டு பேர் என்னைப் பிடித்து இறக்கினார்கள். றீற்றாதான் வாசலில் நின்றவர்களைக் கூட்டி அனுப்பியிருக்கிறாள். நான் கீழே வரும்போது ஓட்டோவும் பிடித்து வைத்திருந்தாள். அவளுக்கு ஸ்பானிஷில் ஒரு சொல் தெரியாது.

அங்கே ஒரு சின்ன மருத்துவமனை. ஆங்கிலம் தெரிந்த இளம் பெண் டொக்டர். விரலில் ஒரு கருவியை மாட்டிப் பார்த்தவர் இரண்டாம் முறையும் மாட்டிப் பார்த்தார். உடனே ஒக்சிசன். மலை உயரத்தில் நுரையீரலுக்குள் தண்ணீர் சேருகிற வருத்தமாம். இன்றைக்குத் திரும்பிக் குஸ்கோவுக்கு ஏறிப் படுத்திருந்தால் விடிய எழும்பியிருக்கமாட்டீர்கள் என்று, காலநிலை சொல்லுகிற மாதிரிச் சொன்னார். பிறகு றீற்றாவைக் கேட்டார், நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று. வானில் வந்த ஒரு அம்மா சொன்னார் என்றாள் இவள். அவர் மருத்துவத் தாதியாக இருக்கவேண்டும் என்று டொக்டர் எழுதிக்கொண்டே சொன்னார்.

டொக்டர் போனபிறகு நான் கட்டிலில் படுத்திருந்து கேட்டேன்.

"அவ என்ன பாசையில கதைச்சவ?"

றீற்றா யோசித்தாள். "எனக்கு விளங்கினது. விளங்கேக்க என்ன பாசை எண்டு ஆர் பாக்கிறது?"

அது எனக்கு நியாயமாகப் பட்டது. கண்ணை மூடினேன். மூடியபோதுதான் உறைத்தது. வான், இடப்பக்க யன்னல், அதற்கு இந்தப் பக்கம் அந்த வெறும் சீற். மூக்கிலிருந்த மூடியைத் தூக்கினேன்.

"எந்தக் காதால கேட்டனீர்?"

அவள் கை தானாக வலது காதுக்குப் போனது. போனது அங்கேயே நின்றது. காதுக்குப் பக்கத்தில் விரலைத் தேய்த்துப் பார்த்தாள், கேட்கிறதா என்று பார்க்க அவள் எப்போதும் செய்கிற மாதிரி. முகத்தைப் பார்த்தே தெரிந்தது, ஒன்றுமில்லை. அந்தப் பக்கத்திலிருந்து ஆராவது கதைத்தால் இவள் முழுதாகத் திரும்பி நல்ல காதைக் கொடுப்பாள், முப்பது வருடமாக நான் காணுகிற காட்சி அது.

"நான் திரும்பேல்ல என்ன," என்றாள். "திரும்பாமலே கேட்டது."

நான் மூடியைத் திரும்ப மூக்கில் வைத்துக்கொண்டேன்.

நான் நடக்க முடிந்த அன்று, அங்கே றீற்றா தங்கியிருந்த விடுதிப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வான் தரிப்பிடத்துக்குப் போனோம். அந்தக் கால்பந்துச் சட்டைக்காரன் நின்றான். பெண் நாங்கள் சொன்னதை மொழிபெயர்த்தாள். அந்தச் சீற்றைச் சில நாட்களில் விட்டுவைப்போம் என்றான். எந்த நாட்களில் என்று கேட்டதற்குத் தோளைக் குலுக்கினான், விடியும்போது தெரியும் என்றான். தன் தகப்பனும் அந்த வளைவில் கதவு திறந்தவர்தான் என்றான். பிறகு றீற்றாவை ஒரு மாதிரிப் பார்த்தான்.

"உங்களோடு பேசினாரா? எங்களோடு அவர் பேசுவதில்லை."

ஓம் என்றாள் றீற்றா. அவன் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தி இன்னொன்று கேட்டான். விடுதிப் பெண் அதைச் சொல்லத் தயங்கினாள், பிறகு சொன்னாள்.

"இந்தச் சாரதியைப் பற்றி அந்த அம்மா ஏதாவது சொன்னாரா என்று கேட்கிறார்."

இல்லை என்று றீற்றா தலையாட்டியதும் அவன் சிலுவை போட்டு விரலை முத்தமிட்டான். அவ்வளவு பெரிய உடம்பு அப்படியே தளர்ந்ததை நான் பார்த்தேன். பொய் சொல்லுகிற மனிதனுக்கு அந்த ஆறுதல் வராது.

மச்சு பிச்சு எப்படி என்று இங்கே ஸ்காபரோவில் எல்லாரும் கேட்கிறார்கள். நாங்கள் பார்க்கவில்லை, மருத்துவமனையின் முகட்டைத்தான் பார்த்தோம் என்று சிரிப்பேன். ஒக்சிசன் போத்தலோடு நேராக விமான நிலையத்துக்கு வந்து ஏறினோம். நிரோஷி விசயத்தைக் கேட்டுவிட்டு, "அம்மாவுக்கு ஒக்சிசன் காணாமல் இருந்திருக்கும், இற் ஹாப்பன்ஸ்" என்றாள். ஒக்சிசன் காணாமல் போனது எனக்கல்லவா? அந்த டொக்டர் றீற்றாவின் விரலிலும் மாட்டிப் பார்த்தவர், அவளுக்கு ஒரு குறையும் இல்லை. இங்கே வந்து காதையும் சோதித்தோம். வலது காது முந்தின மாதிரியே, ஒரு சத்தமும் கேட்காது என்று எழுதித் தந்தார்கள்.

ஒரேயொரு விசயம். ஒரு காது கேட்காதவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, நல்ல காதைத் தலையணையில் அழுத்திப் படுத்தால் உலகமே அமைதி. றீற்றா கலியாணம் கட்டியதிலிருந்து அப்படித்தான் படுப்பாள், என் குறட்டையும் கேட்காது, பனி வழிக்கிற லொறியும் கேட்காது. பெருவிலிருந்து வந்தபிறகு மாறிப் படுக்கிறாள். வலது காதைத் தலையணைக்குள் புதைத்து, மேலே கையையும் வைத்துக்கொண்டு படுக்கிறாள். நல்ல காது வெளியே இருப்பதால் லொறி வந்தால் எழும்பிவிடுகிறாள், என்னோடு சண்டையும் பிடிக்கிறாள். ஒருநாள் நான் சொன்னேன், பழையபடி மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தால் நிம்மதியாக நித்திரை கொள்ளலாமே என்று.

"லொறிச் சத்தம் பரவாயில்லை," என்றாள்.

அவளுக்கு என்ன கேட்கிறது என்று நான் கேட்கவில்லை. எனக்கு இப்போதும் கொஞ்சம் இருமல் இருக்கிறது. நான் இருமும்போதெல்லாம் அவள் அந்தக் காதை இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொள்கிறாள்.