மேல்மாடி பௌதி சொன்ன கருநீலம்

கொல்கத்தாவின் பெஹாலாவில் நாங்கள் வாங்கிய ஃபிளாட்டின் படுக்கையறைக்கு இளமஞ்சள் அடிப்பதா, கருநீலம் அடிப்பதா என்று யோசித்துக்கொண்டிருந்தோம். மேல்மாடியில் குடியிருக்கும் பெங்காலி பௌதி, அதாவது எல்லோரும் 'அண்ணி' என்று அழைப்பவர், சந்தேஷ் இனிப்பு டப்பாவோடு வந்து, "கருநீலமே அடி, எடுப்பா இருக்கும்" என்று இந்தியில் சொன்னார். மறுநாளும் வந்து அதையே சொன்னார். என் கணவர் தலையாட்டிவிட்டார். எனக்கோ உறுத்தியது. எங்கள் வீட்டுச் சுவர் மேல் இவருக்கு என்ன இத்தனை அக்கறை?

"உனக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம்தான்" என்று கணவர் சலித்துக்கொண்டார்.

"ஸ்வீட் குடுத்தா போதும், நீங்க வீட்டையே எழுதிக் குடுத்துடுவீங்க!" என்று சொல்லிவிட்டு, பிடிவாதமாக மஞ்சளையே அடிக்க வைத்தேன்.

சில நாட்களிலேயே கட்டிலுக்கு மேலே சுவரில் ஈரம் பழுப்பாகப் படர்ந்து, சுவிட்ச் போர்டை நெருங்கியது. அதற்கு நேர் மேலேதான் பௌதியின் குளியலறை. கருநீலம் அடித்திருந்தால் ஈரம் கண்ணில் பட்டிருக்காது. ஷாக் அடித்த பிறகுதான் தெரிந்திருக்கும்.

பௌதியை அழைத்து வந்து காட்டினேன். "அடடா, மறுபடியுமா?" என்றார்.

அந்த ஒரு வார்த்தை போதுமே! அவர் வீட்டுக் குழாயை மாற்றும்வரை நான் விடவில்லை. இப்போதெல்லாம் யாராவது வலிய வந்து யோசனை சொன்னால், இனிப்பை வாங்கி வைத்துக்கொண்டு, முதலில் அண்ணாந்து பார்க்கிறேன்.