மழையில் தட்டியவள்

தட்... தட்... தட்...

மூடிய கதவை அவள் இரண்டு உள்ளங்கைகளாலும் அறைந்துகொண்டிருந்தாள். டிரைவருக்கு மணி கொடுக்கும் பொத்தானில் என் கை இருந்தது.

நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை. அந்த ரயிலின் கார்டு நான்தான்.

சிட்னியின் கடற்கரைக் கிளைப் பாதை. பட்டப்பகல். தெற்கிலிருந்து திடீர்ப் புயல்மழை. வண்டி ஏற்கெனவே தாமதம்.

"டார்சி, யாருக்குடா காத்திருக்க? மாமியார் வர்றாங்களா?" இன்டர்காமில் டிரைவர் ஸ்பைரோ.

"ஒரு பொண்ணுடா. நீச்சல் டிரெஸ்ஸோட ஓடி வந்து கதவ இடிக்குது."

"அடுத்த வண்டில வரட்டும். சீட்டெல்லாம் நனைஞ்சிரும்."

சிரித்துக்கொண்டே மணி கொடுத்தேன். நடைமேடையைத் தாண்டும்வரை கார்டு தலையை வெளியே நீட்டிப் பார்த்தாக வேண்டும். மழை முகத்தில் அறைந்தது. தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

அவ்வளவுதான் நான் செய்தது.

அடுத்த நிலையம். கதவுகள் மூடின.

தட்... தட்...

அதே பெண்! ரயிலை முந்திக்கொண்டு எப்படி வந்தாள்? காரிலா? பாவம், ஏற்றியிருக்கலாம். கதவைத் திறக்கத் திரும்பினேன்.

நடைமேடை காலி.

மணி கொடுத்தேன்.

மூன்றாவது நிலையம்.

தட்.

இம்முறை என் பெட்டிக் கதவில். முகத்தைக் கண்ணாடியில் அழுத்தியிருந்தாள். வாய் திறந்து திறந்து மூடியது. கண்ணாடியில் மூச்சு படியவில்லை...

"டேய், மணி எங்கடா?" ஸ்பைரோ கத்தினான்.

எல்லாக் கதவுகளையும் திறந்தேன்.

"மன்னிச்சிரும்மா... ஏறு."

அவள் ஏறவில்லை. விரலை நீட்டினாள். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே.

ஓடினேன்.

இணைப்பைக் கட்டிப்பிடித்தபடி ஒரு பையன். பதினைந்து வயதிருக்கும். விரல்கள் இரும்பில் விறைத்திருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்து மேலே இழுத்தேன்.

"சும்மா வெளாட்டுக்குத் தொத்தினேன் சார்..."

திரும்பிப் பார்த்தேன். அவளைக் காணோம்.

இவனைக் காட்டத்தான் தட்டியிருக்கிறாள்! நான் சிரித்தேனே...

"அந்தப் பொண்ணு யாருடா? இப்ப இங்கதான் நின்னா."

பையன் முகம் வெளுத்தது.

"அக்காவா? அவ தட்டினா... நீங்க தொறக்கல. வண்டி கெளம்பினதும் என்னை இறக்க அவளும் தொத்தினா."

"அப்புறம்?"

"கை வழுக்கிருச்சு சார்... மொத ஸ்டேஷன் தாண்டினதுமே."