முறிகண்டியில் நின்ற இஞ்சின்

முரசுமோட்டையில் பதினைந்து ஏக்கர் காட்டை வெட்டி வயலாக்கியவன் நான். யானை மிதித்த வரம்பை மூன்று தடவை திரும்பக் கட்டினேன். தண்ணீர் வராது என்று நிலம் பார்க்க வந்தவர் சொல்லிவிட்டுப்போன இடத்தில் இருபத்தெட்டு அடிக்குக் கிணறு வெட்டி, வைகாசியிலும் வற்றாத தண்ணீர் எடுத்தேன். வாய்க்காலுக்குக் குறுக்கே பாலை மரத்தில் பாலம் போட்டேன். இன்றைக்கும் லொறி போகிறது. மாத்தளைத் தோட்டமொன்றில் இரும்பு விலைக்கு எறிந்துவிட்ட எண்ணெய் இஞ்சினைக் கொண்டுவந்து, கழற்றி, துடைத்து, பூட்டி, அரிசி ஆலை வைத்தேன். ஓடாது என்றார்கள். பதினோராவது வருடமாக ஓடுகிறது. படித்தது வேலணையில் மூன்றாம் வகுப்பு. அதற்குமேல் படிப்பித்தது இரும்பும் மண்ணும்தான்.

இவ்வளவையும் முதலில் எழுதக் காரணம் உண்டு. புகையிரத இஞ்சினைப் பற்றி எழுத இந்த ஆலைக்காரனுக்கு என்ன தெரியும் என்று வாசிப்பவர்கள் கேட்கக்கூடாது.

முல்லைத்தீவுக் கரையில் பிறந்த மரியநாயகம் என்பவர் கொழும்பில் புகையிரத வேலைத்தலத்தில் பொருத்துநர். என் வயதுதான். லீவில் ஊருக்கு வரும்போதெல்லாம் என் ஆலையில் இறங்கி இஞ்சினைப் பார்த்துவிட்டுப் போவார். நான் ஒரு மூட்டை அரிசி கொடுத்து அனுப்புவேன். அவருடைய கடிதம் பங்குனி முதற் கிழமை வந்தது. ஒரு நீராவி இஞ்சினை முழுதாகக் கழற்றித் திரும்பப் பூட்டும் பொறுப்பு முதன்முதலாகத் தனக்குக் கிடைத்திருக்கிறது. வடக்குப் பாதையில் அதைச் சோதனைக்கு விடப்போகிறார்கள். சோதனையில் தேறினால் தன்னை ஃபோர்மன் ஆக்குவார்கள். தேறாவிட்டால் ஓய்வு பெறும்வரை ஸ்பனரும் கையுமாகத்தான். அண்ணை வந்து பாருங்கோ என்று எழுதியிருந்தார். பெரும்போக நெல் குற்றி முடிந்திருந்தது. புறப்பட்டேன்.

முதல் நாள், காலை ஏழரை மணி. கிளிநொச்சி நிலையத்தில் மூன்றாம் வகுப்பில் ஏறினேன். கொழும்பு இருநூறு மைலுக்குக் கொஞ்சம் கூட. மாங்குளம் வரை இரண்டு பக்கமும் பாலையும் வீரையும் நெருங்கி நின்றன. புளியங்குளத்தில் கோழிக்கூடையோடு ஒரு மனுசி ஏறினா. பூவரசங்குளத்துக்காரி, மகள் வீட்டிலிருந்து திரும்பிப் போகிறா. நான் எங்கே போகிறேன் என்று விசாரித்தா. சொன்னேன்.

“இஞ்சின் பாக்கவோ? ஆலையில ஒண்டு கிடக்குதெண்டு சொன்னியள். அது காணாதோ?”

அவாவின் கோழி என் வேட்டியைக் கொத்தியது. வவுனியாவில் இறங்கும்வரை அவா சிரித்துக்கொண்டே இருந்தா. மதவாச்சி, அனுராதபுரம், மாகோ, பொல்காவலை என்று வண்டி போய் மருதானையில் நின்றபோது பொழுது சாய்ந்துவிட்டது. தேநீர் பத்துச் சதம். நிறம் மட்டும்தான் இருந்தது.

இரண்டாம் நாள், காலை எட்டு மணி. மருதானையிலிருந்து தெற்கே, கடலோரமாகப் போகும் வண்டியில் அரைமணி நேரம். வேலைத்தலத்தின் வாசலில் மரியநாயகம் நின்றார். உள்ளே போனதும் முதலில் காது அடைத்தது. பிறகுதான் கண் தெரிந்தது.

இந்த நாட்டில் இஞ்சின் செய்வதில்லை, எல்லாம் இங்கிலாந்திலிருந்து வருகிறது என்று எங்கள் சந்தையில் சொல்வார்கள். அரைவாசிதான் சரி. பிறப்பது அங்கே. ஆனால் சில வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு இஞ்சினையும் இங்கே ஆணி ஆணியாகக் கழற்றுகிறார்கள். கொதிகலன் ஒரு பக்கம், சில்லு ஒரு பக்கம், சட்டம் ஒரு பக்கம். தேய்ந்ததை வார்க்கிறார்கள், வளைந்ததை நிமிர்த்துகிறார்கள், ஓட்டையானதை வெட்டி எறிந்து புதுத்தகடு வைக்கிறார்கள். வெளியே போகும்போது பழைய இலக்கமும் பாதி இரும்பும்தான் மிச்சம். இதைச் செய்தல் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

சோதனை ஒன்றல்ல. கொதிகலனுக்குள் முதலில் பச்சைத்தண்ணீரை நிரப்பிப் பம்பால் இறுக்குகிறார்கள். நீராவி தரப்போகும் அழுத்தத்தைவிட அதிகமாக இறுக்கிவிட்டு, ஒருவர் கைவிளக்கோடு ஒவ்வொரு ஆணித்தலையையும் பார்த்துப் போகிறார். எங்காவது வியர்த்தால் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போடுகிறார். வட்டம் எல்லாம் தீர்ந்த பிறகுதான் நெருப்பு. பிறகு நீராவி ஏற்றி, ஆபத்து வால்வு சொன்ன அழுத்தத்தில் திறக்கிறதா என்று பார்க்கிறார்கள். திறந்தபோது நான் இரண்டு அடி பின்னுக்குப் போனேன். மரியநாயகம் கண்டுகொள்ளாததுபோல நின்றார். சில்லை ஆளுயரக் கடைசல் எந்திரத்தில் சுற்றவிட்டுச் சீவுகிறார்கள். அச்சு சுழலும் பித்தளைக்குச் சிவப்பு மை பூசி, அச்சில் வைத்துப் பார்த்து, மை ஒட்டிய இடத்தைக் கையாலே சுரண்டுகிறார்கள். அந்த வேலையில் மரியநாயகத்துக்கு நிகரில்லை. அவர் சுரண்டிய பித்தளையை நான் விரலால் தடவினேன். முட்டைக்கோது மாதிரி இருந்தது.

எண்ணெய்ப் பகுதியில் ஒரு வயதான சிங்களவர் தக்கை செதுக்கிக்கொண்டிருந்தார். இஞ்சினின் பக்கத்தில் ஒரு எண்ணெய்ப் பெட்டி உண்டு. அதிலிருந்து கம்பளித் திரி வழியாக எண்ணெய் சொட்டுச் சொட்டாக ஒவ்வொரு அச்சுக்கும் இறங்கும். பெட்டியின் வாய்க்குத் தக்கை. தக்கையின் நடுவில் ஒரு பிரம்புத் துண்டு செருகியிருந்தது. எதற்கு என்று கைச்சாடையால் கேட்டேன். பிரம்பை வாயில் வைத்து ஊதிக் காட்டினார். காற்று மறுபக்கம் வந்தது. நான் தலையாட்டினேன். மரியநாயகத்திடம் சொன்னபோது அவர், அது எண்ணெய்க்காரரின் பாடு, நான் அச்சுக்காரன் என்றார். அங்கே அப்படித்தான். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு துண்டுதான் தெரியும்.

மூன்றாம் நாள், விடியற்காலை. மண் ஏற்றிய பெட்டிகள், கடைசியில் வேலையாட்களுக்கு ஒரு பயணப் பெட்டி, முன்னால் கறுப்பு மை மினுங்க மரியநாயகத்தின் இஞ்சின். வெளியாள் ஏறக்கூடாது என்பது சட்டம். சோதனை நடத்த வந்த பரிசோதகர் ஐயா ஒரு கொழும்புத் தமிழர், கண்ணாடிக்காரர். இவர் இஞ்சின் தெரிந்த மனிதர், கிளிநொச்சியில் இறங்கிவிடுவார் என்று மரியநாயகம் கேட்டார். என் கையைப் பார்த்தார் பரிசோதகர். உள்ளங்கையைப் பார்த்த பிறகு ஏறச்சொன்னார்.

வவுனியாவுக்கு வர மாலையாகிவிட்டது. வழியில் நின்று நின்று கைவைத்துப் பார்த்தார்கள். குறை ஒன்றுமில்லை. அங்கேயே தங்கினோம்.

நான்காம் நாள், காலை ஆறு மணி. இனித்தான் பெரிய சோதனை. வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு ஏறக்குறைய ஐம்பது மைல், பாரத்தோடு, ஓரிடமும் நிற்காமல் ஓடவேண்டும். நின்றால் அச்சு ஆறிவிடும், சூடு தெரியாது. அதனால் நிற்கக்கூடாது.

நான் இஞ்சினுக்குப் பக்கத்தில் போனபோது மரியநாயகம் பேனாக்கத்தியால் எதையோ சீவிக்கொண்டிருந்தார். எண்ணெய்ப் பெட்டித் தக்கையொன்று வழியில் விழுந்து தொலைந்துவிட்டதாம். முல்லைத்தீவில் தமையனுக்குக் கொடுக்க வலை மிதப்புகள் வாங்கிப் பையில் வைத்திருந்தார். அதில் ஒன்றைச் சீவி அடைத்துவிட்டார். அந்த நேரம் எனக்கு அது பெரிதாகப் படவில்லை. என் புத்தி வேறொன்றில் இருந்தது.

வன்னியில் வண்டி ஓட்டுகிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். முறிகண்டிப் பிள்ளையாரைத் தாண்டும் வாகனம் நின்று தேங்காய் உடைத்துத்தான் போகும். ஓடுகிற புகையிரதக் கோச்சியிலிருந்து சதக்காசை எறிந்துவிட்டுப் போவதும் உண்டு. ஆனால் புதிதாக வெளிக்கிட்ட வாகனம் என்றால் சக்கரம் நிற்கவேண்டும். இதை மரியநாயகத்திடம் சொன்னேன்.

“நிப்பாட்டேலாது அண்ணை. நிப்பாட்டினால் சோதினை பிழை. எனக்கு அந்தோனியார் காணும்.”

“அந்தோனியார் கடலுக்கு. இது தரை,” என்றேன்.

“அப்ப உங்கட பிள்ளையாரைக் கிளிநொச்சி ஸ்ரேசனுக்கு வரச்சொல்லுங்கோ. பத்து நிமிசம் நிப்பம்.”

இஞ்சின் சாரதி சோமபால என்ற அனுராதபுரத்துச் சிங்களவர். மேலேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

ஏழு மணிக்குப் புறப்பட்டோம். ஓமந்தை போனது, புளியங்குளம் போனது, கனகராயன்குளத்துக் காடு போனது. பரிசோதகர் ஐயா மடியில் மணிக்கூட்டை வைத்து மைல்கல்லுக்கு மைல்கல் குறித்தார். மாங்குளத்தில் வேகம் கூட்டினார்கள். மரியநாயகம் யன்னலால் தலையை நீட்டி இஞ்சினைப் பார்ப்பதும் உள்ளே இழுப்பதுமாக இருந்தார். சட்டைக் கழுத்து நனைந்துவிட்டது.

முறிகண்டி மரங்கள் தெரிந்ததும் பெட்டி ஒருமுறை குலுங்கியது. பிறேக். நின்றேவிட்டது.

பரிசோதகர் நேரத்தைக் குறித்தார்.  மரியநாயகம் பாய்ந்து இறங்கி இஞ்சினுக்கு ஓடினார். நானும் போனேன். சோமபால தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு இறங்கினார்.

“பத்து வருசம் இந்த லைன்ல. புது இஞ்சின் கொண்டுபோய் நிக்காம போனா எனக்குக் கை ஓடாது. ஐயாக்கிட்ட நான் சொல்லிக்கிறன்.”

மரியநாயகம், இருபத்திரண்டு வருடச் சேவை அந்த மரத்தடியில் நின்றுபோனதுபோல நின்றார். நான் வீதியைக் கடந்து இருபது சதத்துக்குத் தேங்காய் வாங்கி உடைத்தேன். சந்தனமும் திருநீறும் ஒரு வெற்றிலையில் கிடைத்தது. என் ஆலையில் பூசைக்கு என்ன செய்வேனோ அதையே செய்தேன்: தண்ணீர் விட்டுக் குழைத்த சந்தனத்தை ஒவ்வொரு சில்லின் நடுக்குடத்திலும் பெருவிரலால் ஒற்றிக்கொண்டே போனேன். இடப்பக்கம் முடிந்தது. வலப்பக்கம் முதலாவது சில்லு, ஈரமாக ஒட்டியது. இரண்டாவது சில்லில் ஒற்றிய சந்தனம் விரலை எடுக்குமுன் வெளுத்தது. ஓரம் சுருண்டு பொருக்காகக் கழன்று விழுந்தது.

புறங்கையை வைத்தேன், வைத்திருக்க முடியவில்லை.

மரியநாயகத்தைக் கூப்பிட்டேன். கையை வைத்தவர் சட்டென்று இழுத்துக்கொண்டார். மேலே ஏறி எண்ணெய்ப் பெட்டியைப் பார்த்தார்.

“எண்ணெய் நிறையக் கிடக்குது அண்ணை. பின்னை ஏன் சுடுது?”

நிறையக் கிடப்பதுதான் பிழை. வவுனியாவில் ஊற்றியது அப்படியே கிடக்கிறதென்றால் கீழே இறங்கவில்லை. நான் ஏறிப் பார்த்தேன். மற்ற வாய்களில் பிரம்பு வைத்த தக்கை. இந்த வாயில் வலை மிதப்பு, தோணியின் ஓட்டையை அடைப்பதுபோல இம்மியும் இடமில்லாமல் இறுக்கி அடைத்திருந்தது. கடற்கரைக் கை அது. ஓட்டை என்று கண்டால் தண்ணீர் புகாமல் அடைக்கத்தான் அந்தக் கைக்குத் தெரியும். மண்ணெண்ணெய்த் தகரத்தில் ஒரு ஓட்டை போட்டால் எண்ணெய் விக்கி விக்கி நிற்கும். எதிர்ப்பக்கம் காற்றுக்கு இன்னொன்று போட்டால்தான் ஓடும். இது எந்த ஆலைக்காரனுக்கும் தெரியும். மிதப்பைத் திருகி இழுத்தேன். உஸ்ஸென்று பெட்டி காற்றை உள்ளே இழுத்தது.

மரியநாயகம் என் கையிலிருந்த மிதப்பைப் பார்த்தார். பிறகு பயணப் பெட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பரிசோதகர் ஐயா இறங்கி, கச்சான்கடலை விற்கிற மனுசியிடம் ஒரு சுருள் வாங்கிக்கொண்டிருந்தார்.

“அண்ணை, வாயைத் திறந்திடாதேங்கோ. என்ர கையாலதான் அடைச்சனான்.”

மிதப்பை வாங்கிக் காற்சட்டைப் பைக்குள் போட்டார். நான் சுருட்டுப் பற்றவைத்தேன். ஒருவன் விழுகிற இடத்தில் நின்று நான் ஒருநாளும் பேர் வாங்கியதில்லை.

தக்கைக்குப் பதில் பழந்துணியைத் தளர்வாகச் செருகினோம். திரி எண்ணெயை உறிஞ்சத் தொடங்கியது. பரிசோதகர் கச்சான் கோதைத் தட்டிக்கொண்டு வந்து சில்லைத் தொட்டார்.

“இன்னும் ஐந்தாறு மைல் போயிருந்தால் அச்சு கருகியிருக்கும். யார் கண்டுபிடித்தது?”

மரியநாயகம் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அவர் காத்திருந்து பார்த்துவிட்டுத் தானாகவே புத்தகத்தில் எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார்: முறிகண்டியில் நிறுத்தம், வலப்பக்கம் இரண்டாம் சில்லு சூடு, எண்ணெய் வழி அடைப்பு நீக்கப்பட்டது, கண்டவர் பொருத்துநர் மரியநாயகம். பிறகு சொன்னார்: “கிளிநொச்சி வரை மெல்லப் போகட்டும். அங்கே ஆறியிருந்தால் வவுனியாவுக்கு நிற்காமல் திரும்ப ஓட்டுவோம். அந்த ஓட்டம்தான் கணக்கு.”

கிளிநொச்சியில் நான் இறங்கவில்லை. முடிவு தெரியாமல் இறங்க மனம் வரவில்லை. பதினொரு மணிக்குத் திரும்பினோம். முறிகண்டியில் சோமபால நிற்கவில்லை. ஊதிவிட்டுக் காசை எறிந்தார். வவுனியாவில் பரிசோதகர் ஆறு சில்லிலும் ஒவ்வொன்றாகக் கையை வைத்து ஐந்து எண்ணினார். வலப்பக்கத்து இரண்டாவது சில்லில் பத்து எண்ணினார். கையை எடுத்துவிட்டு மரியநாயகத்திடம் நீட்டினார். மரியநாயகம் அதைப் பிடித்து அழுதார்.

பஸ் ஏறி நான் பரந்தன் சந்தியில் இறங்க இருட்டத் தொடங்கிவிட்டது. முரசுமோட்டைக்கு நடந்தேன். என் ஆலையை நினைத்துப் பார்த்தேன். அந்த வேலைத்தலம் என் ஊரைவிடப் பெரியது. ஆனால் அங்கே அச்சுக்காரனுக்குத் தக்கை தெரியாது, தக்கைக்காரனுக்கு அச்சுத் தெரியாது. என் ஆலையில் ஆணியிலிருந்து உமிப்புகைவரை நான் ஒருவனே பார்க்கிறேன். அதனால்தான் கண்டேன். அதிர்ஷ்டம் என்று சொல்லவேண்டாம்.

இது நடந்து ஆறு வருடம். மரியநாயகம் ஃபோர்மன் ஆனார். ஆள்களும் மேசையும் கிடைத்தது. போன மாதம் முல்லைத்தீவில் ஒரு கலியாணவீட்டில் சந்தித்தேன். பந்தலுக்குள் பத்துப்பேர் சுற்றியிருக்க முறிகண்டிக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். “எனக்கு ஏதோ மணம் அடிச்சுது. கையை வைச்சன். சுட்டுது.” கூட்டம் வாயைப் பிளந்து கேட்டது. என்னைக் கண்டதும் கதையை நிறுத்தவில்லை. கண்ணை மட்டும் வேறுபக்கம் திருப்பினார். நான் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அவருடைய வேலையை இனி யாரும் பறிக்கமுடியாது என்று தெரிந்தவர்களிடம் விசாரித்து, உறுதி செய்த பிறகுதான் இதை எழுதுகிறேன். மிதப்பை அடைத்தது குற்றமில்லை. அவருடைய கை பழகியதைச் செய்தது. அதை நான் மறைத்ததும் குற்றமில்லை. ஆனால் மறைத்தவனையே மறைப்பது குற்றம். பரிசோதகர் புத்தகத்தில் எழுதியதை அழிக்கச் சொல்லவில்லை. அதற்குக் கீழே ஒரு வரி சேர்க்கவேண்டும். கலியாணவீட்டுக் கதையிலும் அதே வரியைச் சொல்லவேண்டும்: சூட்டைக் கண்டவரும் அடைப்பை இழுத்தவரும் முரசுமோட்டை அரிசி ஆலை கந்தவனம். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும் எனக்கு. எழுதிவிட்டு அறிவித்தால், ரயில் ஏறி வந்து பார்ப்பேன்.